6 டிரான்சிஸ்டர் போதும் இடத்தில் 24 எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிப் துறையில் வரப்போகும் வேலைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை எங்கள் தெருவில் பலரும் படித்தார்கள், சிலர் அதைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தார்கள். எந்த சாஃப்ட்வேர் கற்க வேண்டும், எந்தப் பயிற்சியில் சேர வேண்டும், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கலாம் என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். நல்லதுதான். ஆனால் ஒரு லாஜிக் சர்க்யூட்டை, அதாவது 1, 0 என்ற இரண்டு நிலைகளை வைத்து முடிவெடுக்கும் சர்க்யூட்டை, முறைப்படி வடிவமைப்பது எப்படி என்று ஒரு வரி கூட அதில் இல்லை. இந்த மெஷின் இப்படி நடக்க வேண்டும் என்று வாயால் சொல்லும் ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்து, அதை டேபிளாகப் போட்டு, சமன்பாடாக எழுதி, சுருக்கி, சிப்புக்குள் இருக்கும் குட்டி ஸ்விட்சான டிரான்சிஸ்டர் வரைக்கும் இறங்கி, கடைசியில் கேட்டதும் செய்ததும் ஒன்றுதான் என்று நிரூபித்துக் காட்டுகிற அந்த வழிதான் இந்தத் தொழிலுக்கே உயிர். அதைக் கற்க லட்ச ரூபாய் கோர்ஸ் தேவையில்லை, நோட்டும் பென்சிலும் போதும். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வீடு வியாசர்பாடியில். டிப்ளமோவோ பி.இ.யோ படிக்கிற பிள்ளைகள் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் அரியர் வைத்துவிட்டால், மாமா கொஞ்சம் சொல்லிக் கொடுங்க என்று நோட்டோடு வந்துவிடுவார்கள். அந்த நோட்டுகளைப் பார்த்துப் பார்த்துதான் இந்த மனக்குறை. எந்த இன்புட்டுக்கு எந்த அவுட்புட் என்று வரிசையாகச் சொல்லும் ட்ரூத் டேபிள் இருக்கிறது, அதற்குக் கீழே அதையே கட்டங்களாக அடுக்கிச் சமன்பாட்டைச் சுருக்க உதவும் கே-மேப் இருக்கிறது, மேப்பில் 1 இருக்கும் கட்டங்களைச் சுற்றி வளையம் போட்டு, வந்த சமன்பாட்டுக்கு நாட் கேட் (எதிர்மறை), ஆண்ட் கேட் (இரண்டும் வேண்டும்), ஆர் கேட் (ஏதாவது ஒன்று போதும்) படம் வரைந்து அடியில் கோடு இழுத்திருக்கும். முழு மதிப்பெண். அந்த கேட்டுக்குள் என்ன இருக்கிறது தம்பி என்று கேட்டால், அது அடுத்த வருஷம் சிப் வடிவமைப்பைச் சொல்லும் வி.எல்.எஸ்.ஐ. பேப்பரில் வரும் என்கிறான். அடுத்த வருஷம் அந்த பேப்பரை வேறு ஒரு ஆசிரியர் எடுக்கிறார், அவர் டிரான்சிஸ்டரின் கரண்ட் சமன்பாட்டில் ஆரம்பிக்கிறார், கே-மேப்பின் பேச்சே அங்கே இல்லை. இரண்டு பாடத்துக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்க வேண்டும், அந்தப் பாலத்தில்தான் உண்மையான டிசைன் நடக்கிறது, அதை இரண்டு பேருமே சொல்லித் தருவதில்லை.

எதை விட்டுவிட்டோம் என்று ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன், தயவுசெய்து இந்தப் பகுதியை வெட்டாமல் போடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சூட்டைப் பார்க்கும் சென்சார் ஒன்று, புகையைப் பார்க்கும் சென்சார் ஒன்று, அப்புறம் ஆள் அழுத்துகிற அவசர பட்டன் ஒன்று. இரண்டு சென்சாரும் சேர்ந்து அடித்தாலோ, பட்டனை யாராவது அழுத்தினாலோ மோட்டார் நிற்க வேண்டும், மற்ற நேரம் ஓட வேண்டும். சென்சார்களை ஏ, பி என்றும் பட்டனை சி என்றும், அடித்தால் அல்லது அழுத்தினால் 1, இல்லாவிட்டால் 0 என்றும் வைத்தால் 8 வரிசையில் டேபிள் முடிந்துவிடும். மோட்டார் ஓடலாம் என்று 1 வருவது 3 வரிசையில் மட்டும்தான், மற்ற 5 வரிசையும் 0.

இப்போது வகுப்பில் சொன்னபடி 1-களை வளைத்தால் இரண்டு வளையம் கிடைக்கும்: ஏ இல்லை, சி-யும் இல்லை என்பது ஒன்று, பி இல்லை, சி-யும் இல்லை என்பது மற்றொன்று. இதைப் படமாக வரைய 3 நாட் கேட், 2 ஆண்ட் கேட், 1 ஆர் கேட் வேண்டும். இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும், என்மாஸ், பிமாஸ் என்ற இரண்டு வகை டிரான்சிஸ்டரையும் சேர்த்துப் பயன்படுத்தும் சீமாஸ் முறையில் நாட் கேட்டுக்கு 2 டிரான்சிஸ்டர், ஆண்ட் கேட்டுக்கு 6, ஆர் கேட்டுக்கும் 6. கூட்டிப் பாருங்கள், 24 வருகிறது. கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை ஆண்ட், ஆர் இரண்டையும் ஆண்டுக்கு நேர் எதிரான நேண்ட் கேட்டாக மாற்றும், நேண்டுக்கு 4 தான் என்பதால் 18-க்கு வந்துவிடும். அதைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை, ஏ-யும் பி-யும் சேர்ந்தது அல்லது சி, அதற்கு நேர் எதிர் என்று யோசித்து ஒரு ஆண்ட், ஆருக்கு நேர் எதிரான ஒரு நார் போடும், அது 10.

இதை 6 டிரான்சிஸ்டரில் முடிக்கலாம்.

எப்படி என்றால், கேட் என்ற பெட்டியையே மறந்துவிட்டு டிரான்சிஸ்டரை ஸ்விட்சாகப் பார்க்க வேண்டும். என்மாஸ் டிரான்சிஸ்டருக்கு 1 கொடுத்தால் மூடும், அதாவது கரண்ட் போகும். பிமாஸுக்கு 0 கொடுத்தால் மூடும். அவுட்புட் கம்பியிலிருந்து கீழே கிரவுண்டுக்கு என்மாஸ்களால் ஒரு வழி, மேலே சப்ளைக்கு பிமாஸ்களால் ஒரு வழி. எப்போது அவுட்புட் 0 ஆக வேண்டும்? ஏ-யும் பி-யும் இரண்டும் 1 ஆனால், அல்லது சி 1 ஆனால். அப்படியானால் கீழ்ப்பக்கம் ஏ, பி இரண்டு என்மாஸையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, அந்தத் தொடருக்குப் பக்கவாட்டில் சி-யை இணைத்துவிட்டால் முடிந்தது. மேல்பக்கம் அப்படியே தலைகீழ்: கீழே தொடராக இருந்தது மேலே பக்கவாட்டில் வரும், கீழே பக்கவாட்டில் இருந்தது மேலே தொடராகும். ஏ, பி இரண்டு பிமாஸும் பக்கம் பக்கமாக, அந்த ஜோடியோடு தொடராக சி. கீழே 3, மேலே 3, மொத்தம் 6.

ஒரு வரிசையைச் சோதித்துப் பாருங்கள். ஏ 1, பி 0, சி 0. கீழே தொடரில் பி திறந்திருக்கிறது, சி-யும் திறந்திருக்கிறது, கிரவுண்டுக்கு வழியே இல்லை. மேலே பி-யின் பிமாஸ் மூடியிருக்கிறது, சி-யின் பிமாஸும் மூடியிருக்கிறது, சப்ளை நேராக அவுட்புட்டுக்கு வருகிறது. மோட்டார் ஓடும். 8 வரிசையையும் இப்படிப் பார்த்தால், எந்த வரிசையிலும் மேல்வழியும் கீழ்வழியும் ஒரே நேரத்தில் மூடியிருக்காது, ஒரே நேரத்தில் திறந்தும் இருக்காது. சும்மா இருக்கும்போது சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு நேர்வழி இல்லாததால்தான் சீமாஸ் இவ்வளவு குறைந்த கரண்டில் வேலை செய்கிறது. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸ் 1963-இல் கொண்டுவந்தது இந்த யோசனையைத்தான். இன்று பையில் இருக்கும் போன் ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது என்றால் அதன் அடிப்படை இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கீழ்வழி எப்போதும் அவுட்புட் 0 ஆகும் நிபந்தனையைத்தான் கேட்கிறது. அப்படியானால் கே-மேப்பில் நாம் வளைக்க வேண்டியது 0-களை. 0-களை வளைத்திருந்தால் ஏ-யும் பி-யும் சேர்ந்த ஒரு வளையம், சி என்று 4 கட்டத்துக்கு ஒரு பெரிய வளையம், அவ்வளவுதான், கீழ்ப்பக்கத்து வயரிங் அப்படியே கையில் வந்துவிடும். 1-களை வளை, 1-களை வளை என்று பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, டிரான்சிஸ்டரோ 0-களைக் கேட்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம். இதைச் சொல்ல வகுப்பில் பத்து நிமிடம் ஆகுமா?

மேலே கீழே தலைகீழாகும் என்றேனே, அதற்குப் பின்னால் இருப்பது டி மார்கன் விதி: இரண்டும் சேர்ந்தது என்பதன் எதிர்மறை, ஏதாவது ஒன்று இல்லை என்பது; ஏதாவது ஒன்று என்பதன் எதிர்மறை, இரண்டுமே இல்லை என்பது. அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது நம் மதுரையில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் இருந்தவர், குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டி மார்கன் விதியை எழுது என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள், பிள்ளைகளும் மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள், ஆனால் அந்த விதிதான் சிப்புக்குள் மேல்பாதி வயரிங்கைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்து எழுதுகிறவர் எத்தனை பேர்?

எனக்கு இது புரிந்த வழி வேறு. சிக்னலுக்கான ரிலேக்கள், அதாவது கரண்ட் கொடுத்தால் காந்தத்தால் இயங்கும் ஸ்விட்சுகள், இருக்கும் ரிலே ரூமில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கேட் என்ற பேச்சே கிடையாது, ரிலே மூடித் திறக்கும் கான்டாக்ட்தான். இரண்டு கான்டாக்ட் தொடராக இருந்தால் இரண்டும் வேண்டும் என்று அர்த்தம், பக்கவாட்டில் இருந்தால் ஏதாவது ஒன்று போதும், ரிலே எழும்பாமல் இருக்கும்போது மூடியிருக்கிற பேக் கான்டாக்ட் என்றால் எதிர்மறை. 1937-இல் எம்.ஐ.டி.யில் 21 வயது மாணவராக இருந்த கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் எடுத்துக்கொண்டதும் இதே ரிலேக்களைத்தான். ஜார்ஜ் பூல் 1854-இல் புத்தகமாகப் போட்ட தர்க்கக் கணிதத்தை ரிலே வயரிங்குக்கு அப்படியே பொருத்தலாம், சர்க்யூட்டைச் சமன்பாடாக எழுதிச் சுருக்கிவிட்டுத் திரும்பச் சர்க்யூட்டாக வரையலாம் என்று காட்டினார். ஜப்பானில் என்.இ.சி. நிறுவனப் பொறியாளர் அகிரா நகாஷிமாவும் அதே 1930-களில் ரிலே சர்க்யூட்டை ஆராய்ந்து இதே வழிக்கு வந்திருந்தார். அதுவரை ரிலே சர்க்யூட் போடுவது பெரும்பாலும் கைப்பழக்கத்திலும் அனுபவத்திலும் ஓடிக்கொண்டிருந்த வேலை. டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே அதை எப்படிக் கோர்க்க வேண்டும் என்ற கணக்கு தயாராகிவிட்டது! கே-மேப் வந்தது 1953-இல், பெல் ஆய்வகத்து மாரிஸ் கார்னா போட்டது.

சரி, நான்கு இன்புட் இருந்தால் 16 கட்டம், கையால் போடலாம். ஆறுக்கு மேல் போனால் மேப் கண்ணுக்கு அடங்காது. அதற்காக வந்ததுதான் குவைன், மெக்ளஸ்கி முறை, 1956-இல் மெக்ளஸ்கி அதைக் கணினிக்கும் கொடுக்கக்கூடிய படிகளாக எழுதிவைத்தார். எங்கள் பிள்ளைகள் இதையும் படிக்கிறார்கள், பெரிய மதிப்பெண் கேள்வி என்பதால் அட்டவணை அட்டவணையாகப் போட்டுத் தள்ளுகிறார்கள், ஆனால் மனிதன் போடுவதற்காக இல்லாமல் மெஷினிடம் கொடுப்பதற்காகவே வந்த முறை இது என்பதைச் சொல்லிவிட்டால் அதே பிள்ளை ஒரு சின்ன பைத்தான் புரோகிராமாக எழுதிக் காட்டிவிடும். என்னிடம் வந்த ஒரு பையன் எழுதியும் காட்டினான்.

இங்கே ஒரு விஷயத்தை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். மல்டிபிளெக்ஸர் என்று ஒரு சர்க்யூட், எஸ் என்ற கம்பி 1 ஆனால் ஏ வெளியே வரும், 0 ஆனால் பி வெளியே வரும். கே-மேப்பில் இதற்கு இரண்டு வளையம் போதும். ஏ-யும் பி-யும் இரண்டும் 1 ஆக இருக்கும்போது எஸ் 1-இலிருந்து 0-க்கு மாறினால், கணக்குப்படி அவுட்புட் 1-ஆகவே நிற்க வேண்டும். ஆனால் எஸ்-இன் எதிர்மறை ஒரு நாட் கேட் வழியாக வருகிறது, அது வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிறது, அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் விட்டுப்போய் அவுட்புட் ஒரு கணம் 0-க்கு விழுந்து எழும். இதற்கு ஹசார்டு என்று பெயர். மருந்து எளிது, ஏ-யும் பி-யும் சேர்ந்த மூன்றாவது வளையம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் அந்த விழுதல் நின்றுவிடும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி இதை என்னிடம் கேட்டுப் புரிந்துகொண்டு, கல்லூரித் தேர்வில் மூன்றாவது வளையத்தையும் போட்டு எதற்காகப் போட்டேன் என்று பக்கத்தில் ஒரு வரியும் எழுதிவிட்டு வந்தாள். தேவையில்லாத வளையம் என்று சிவப்பு மையில் அடித்து மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அந்தப் பெண் அழவில்லை, ஆனால் அடுத்த தேர்வில் இரண்டு வளையத்தோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. குறைந்த கேட் என்பது ஒரு இலக்குதான், அதுவே தெய்வம் இல்லை. அந்த அவுட்புட், ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்ஃபிளாப்புக்கு எப்போது மாற வேண்டும் என்று சொல்லும் கிளாக் காலுக்குப் போகிறது என்றால், அந்த ஒரு கண விழுதலில் கணக்கே தப்பிவிடும்.

முறையாகப் போடுவதும் போட்டதைச் சரிபார்ப்பதும் எவ்வளவு முக்கியம் என்று எங்கள் ரயில்வேக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஸ்டேஷனில் எந்த ரூட்டுக்கு எந்த சிக்னல் விழலாம், அப்போது தண்டவாளம் பிரியும் இடத்தில் எந்த பாயிண்ட் எந்தப் பக்கம் பூட்டியிருக்க வேண்டும், எந்தத் தண்டவாளத்தில் வண்டி இருக்கக் கூடாது என்று முதலில் டேபிள்தான் தயாராகும், அதிலிருந்துதான் வயரிங் வரும், வயரிங் முடிந்ததும் அந்த டேபிளோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். பேசின் பிரிட்ஜ் மாதிரி இத்தனை லைன் பிரிகிற இடத்தில் மனதுக்குள் கணக்குப் போட்டு வயரை மாற்ற முடியுமா? 2023 ஜூன் 2-ஆம் தேதி, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் மெயின் லைனுக்குப் பச்சை பார்த்துப் போய், பக்கத்தில் பிரிந்து போகும் லூப் லைனில் நின்ற கூட்ஸ் வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நடந்த குறைபாடுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

சிப்பில் உயிர் போகாவிட்டாலும் காசு போகும். 1994-இல் இன்டெல்லின் பென்டியம் பிராசஸர் சில எண்களை வகுக்கும்போது தப்பான விடை கொடுத்தது. அதற்குள் வகுத்தலுக்காக வைத்திருந்த டேபிளில் 5 இடங்கள் நிரப்பப்படாமல் போனதுதான் காரணம். அதற்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டாலர், அதாவது 47 கோடியே 50 லட்சம் டாலர். சோதித்துப் பார்க்காமலா விற்றார்கள்? சோதித்தார்கள். சோதனையால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, அதுதான் விஷயம். இரண்டு 32 பிட் எண்களைக் கூட்டும் சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 64 இன்புட். நொடிக்கு 100 கோடி வரிசை என்ற வேகத்தில் அதன் ட்ரூத் டேபிளைச் சோதித்தாலும் முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அதனால்தான் நிரூபணம் வேண்டும். 1986-இல் ராண்டல் பிரயண்ட் ஒரு வழி சொன்னார்: எந்த இன்புட்டை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்று ஒரு வரிசையை முடிவுசெய்துகொண்டு, இந்த இன்புட் 0 என்றால் இப்படிப் போ, 1 என்றால் அப்படிப் போ என்று கிளை கிளையாகப் படம் வரைந்து, ஒரே மாதிரி இருக்கும் கிளைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், ஒரு சர்க்யூட்டுக்கு ஒரே ஒரு படம்தான் வரும். கேட்டதற்கு ஒரு படம், செய்ததற்கு ஒரு படம், இரண்டும் ஒன்றாக இருந்தால் சர்க்யூட் சரி. கூட்டல் மாதிரியான சர்க்யூட்டுக்கு இந்தப் படம் சிறியதாக இருப்பதால் 580 ஆண்டு வேலை ஒரு கணத்தில் முடிந்துவிடும். பெருக்கலுக்குப் படம் பூதாகரமாகிவிடும், அதற்கு வேறு வழிகளைத் தேட வேண்டியிருந்தது. சிப் கம்பெனிகளில் வெரிஃபிகேஷன் என்று ஆள் எடுக்கிறார்களே, உங்கள் கட்டுரையில் கூட வந்திருந்தது, அந்த வேலையின் ஒரு முக்கியமான பகுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் இப்போது சாஃப்ட்வேரே செய்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், சர்க்யூட்டை எழுத்தில் விவரிக்கும் வெரிலாக் மொழியில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் டூல் நான் மேலே சொன்ன அந்த 6 டிரான்சிஸ்டர் சர்க்யூட்டையே தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளும், அதற்கு ஏஓஐ21 என்று, தயார் சர்க்யூட்களின் தொகுப்பான செல் லைப்ரரியில் தனிப் பெயரே உண்டு. ஆனால் அந்த லைப்ரரியை உட்கார்ந்து உருவாக்குகிறவர் ஒருவர் இருக்கிறார், டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றின் அகலத்தையும் முடிவு செய்கிறவர். பிமாஸில் ஓடுவது ஹோல், அதாவது எலெக்ட்ரான் இல்லாத காலியிடம், அது என்மாஸில் ஓடும் எலெக்ட்ரானை விட மெதுவாகத்தான் நகரும், எனவே பிமாஸை அகலமாக்க வேண்டும், பிமாஸ்களைத் தொடராகக் கோர்க்கிற நார் கேட் அதனால்தான் நேண்டை விட மந்தம். இவான் சதர்லேண்டும் ராபர்ட் ஸ்ப்ரௌலும் 1991-இல் கொடுத்த லாஜிக்கல் எஃபர்ட் கணக்குப்படி, நாட் கேட்டை 1 என்று வைத்தால் இரண்டு இன்புட் நேண்டுக்கு 4/3, நாருக்கு 5/3, எண் கூடினால் மந்தம். இந்த இரண்டு எண்ணும் மனதில் இருந்தால் ஒரு பெரிய சர்க்யூட்டின் தாமதத்தைக் காகிதத்தின் ஓரத்திலேயே மதிப்பிட்டுவிடலாம். டூல் டைமிங் தவறுகிறது என்று சிவப்பில் காட்டும்போது எங்கே கை வைப்பது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த வேலையில் மதிப்பு.

அப்புறம் லேஅவுட். அந்த 6 டிரான்சிஸ்டரைச் சிலிக்கானில் வரையும்போது 3 என்மாஸும் ஒரே பட்டையில், 3 பிமாஸும் ஒரே பட்டையில், இடையில் வெட்டே இல்லாமல் வர வேண்டும் என்றால், இரண்டு வயரிங்கையும் ஒரே வரிசையில் கை எடுக்காமல் சுற்றிவர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்குக் கோலம் போடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு கையிலேயே இருக்கிறது. நம் உதாரணத்தில் ஏ, பி, சி என்ற வரிசை மேலேயும் கீழேயும் பொருந்துகிறது, வரைந்து பாருங்கள்.

வடசென்னைக்கு இது ஏன் என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது, ஏன் கூடாது என்பதுதான். இதே ஊரில்தான் ஐ.ஐ.டி. இருக்கிறது, அங்கே பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி பிராசஸர் 2018-இல் சண்டிகரில் உள்ள செமி-கண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் அளவில் சிப்பாகவும் வந்தது. அதை அவர்கள் எழுதிய புளூஸ்பெக் மொழி, இன்னது நடந்தால் இன்னது செய் என்று விதி விதியாக எழுதி அதிலிருந்து ஹார்டுவேரை வரவழைக்கும் மொழி, முறைப்படி டிசைன் செய்வதன் அடுத்த படி. கொருக்குப்பேட்டையிலிருந்தும் கொடுங்கையூரிலிருந்தும் பாலிடெக்னிக்குக்கு பஸ் பிடித்துப் போகிற பிள்ளைக்கும் அந்த கேம்பஸுக்கும் நடுவில் இருப்பது பஸ் பயணம் மட்டும் இல்லை, பாடத்தில் விட்டுப்போன அந்தப் பாலமும்தான். பிள்ளைகளிடம் மூளைக்குக் குறைவில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இங்கிலீஷ் புத்தகத்தைக் கண்டு பயப்படுகிறார்கள், ஆனால் இந்தப் பாடத்தில் இருப்பது பாதிக்கு மேல் 1-உம் 0-வும் படமும்தான், தமிழில் சொல்லிக் கொடுத்தால் ஒரு மதியத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லேபில் இதைச் செய்துகாட்ட வசதியில்லை என்றும் சொல்லக் கூடாது. இன்றைக்கும் லேபில் 7404, 7408, 7432 என்று கேட் ஐ.சி.க்களைத்தான் கொடுக்கிறார்கள், உள்ளே இருப்பதைத் தொடவே முடியாது. ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 4007 என்று ஒரு ஐ.சி. கேளுங்கள், விலை பெரிதாக இருக்காது. அதற்குள் கேட் இல்லை, 3 என்மாஸ், 3 பிமாஸ், அவ்வளவுதான். நம் உதாரணத்துக்கு வேண்டிய அதே 6! பிரெட்போர்டில் குத்தி, 14-ஆம் காலை 9 வோல்ட் பேட்டரியின் பிளஸுக்கும் 7-ஆம் காலை மைனஸுக்கும் கொடுங்கள். 13, 1, 11 மூன்றையும் ஒன்றாக இணையுங்கள். 2-ஐ 14-ஓடும், 8-ஐ 4-ஓடும், 5-ஐ 12-ஓடும், 9-ஐ 7-ஓடும் இணையுங்கள். ஏ-க்கு 6-ஆம் கால், பி-க்கு 3, சி-க்கு 10. இந்த மூன்று இன்புட் காலையும் தொங்கலாக விடக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு மைனஸுக்கு இழுத்துவிட்டு, பிளஸுக்கு ஒரு ஸ்விட்ச் வையுங்கள். 12-ஆம் காலில் மல்டிமீட்டரை வைத்து 8 வரிசையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். 3 வரிசையில் 9 வோல்ட்டும் 5 வரிசையில் பூஜ்யமும் வரும். தான் எழுதிய சமன்பாடு தன் கையால் கோர்த்த டிரான்சிஸ்டரில் ஓடுவதை முதல்முதலாகப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள், அதற்கப்புறம் வெறும் கேட் படம் வரையச் சொல்ல மாட்டார்கள்.

பாடத்திட்டம் வகுக்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கே-மேப் பாடம் முடிந்த மறு வகுப்பிலேயே, அதே சமன்பாட்டை டிரான்சிஸ்டரில் போட ஒரு வகுப்பு, அதற்கு லேபில் ஒரு செய்முறை. தேர்வில் குறைந்த கேட் எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் தராமல், ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டு அந்தக் காரணத்துக்கும் மதிப்பெண். ஹசார்டுக்காகக் கூடுதல் வளையம் போட்டு விளக்கமும் எழுதியிருந்தால் அடிக்காதீர்கள், தயவுசெய்து.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்வி மலரில் போட்டித் தேர்வு வினா விடைக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள், அதில் ஒரு ஓரத்தில் வாரம் ஒரு சர்க்யூட் போடலாமே. வாக்கியம், டேபிள், சமன்பாடு, டிரான்சிஸ்டர் படம் என்று நான்கே கட்டம் போதும். எழுதித்தர நான் தயார், இதற்குப் பணம் எதுவும் வேண்டாம். முதல் வாரத்துக்காக மேலே சொன்ன 4007 வயரிங்கைப் படமாக வரைந்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். கால் எண்களை மட்டும் அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை என்னிடம் காட்டிவிடுங்கள், ஒரு எண் மாறிவிட்டாலும் சப்ளை நேராக கிரவுண்டுக்குப் போய் பிள்ளைகளின் ஐ.சி. சூடாகிவிடக்கூடும்.

இப்படிக்கு,
ரயில்வே சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.